பொன்னும் வாய்மையும்
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்கோயிலுக்கு அணிகலன்கள் வந்து குவியும் நன்னாள் இது. இந்நாளில், உண்மை அணி எது, போலி அணி எது என்று சிறிது ஆராய்வது பொருந்தும் எனக் கருதுகிறேன். பித்தளையைப் பொன்னென்று விற்பதுதான் போலி என்று எண்ணுகிறோம். பசும்பொன்னே போலியாவதும் உண்டு.

பாரிஸ் மாநகரத்து லூவர் அரும்பொருட்காட்சிசாலையார், 1896-ஆம் ஆண்டில் இரண்டு லட்சம் பிராங்கு கொடுத்து ஒரு பொன்முடியை வாங்கினார்கள். கருங்கடற்கரையில் இருந்த ஒல்பியா என்னும் கிரேக்க நகரத்தார், சைத்தபர்ணன் என்ற மன்னனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அளித்த காணிக்கை அது என்று அதில் பொறித்திருந்த எழுத்து கூறியது. ஹோமரின் இலியத்துக் காட்சிகள் அதில் அழகுற அமைந்திருந்தன. பழம்பொன்னுக்கு உரிய மேற்படிவு அதில் இல்லையே என்று ஜெர்மானியப் பேரறிஞர் பூர்த்வாங்ளர் ஐயுற்றார். 1903-இல் ஒதெஸ்ஸா நகரத்துப் பொற்கொல்லர் இஸ்ரயேல் ருகொமோவ்ஸ்கி பாரிசுக்கு வந்து, அதைச் செய்தவர் தாமே என்றார். அதன் ஒரு பகுதியைத் திரும்பவும் செய்து காட்டி மெய்ப்பித்தார். அறிஞர் ஒருவருக்குப் பரிசளிக்க என்று சொல்லி வணிகர்கள் அவரிடம் செய்வித்த முடி அது.

பொன் பொன்னே, வேலைப்பாடும் அரியதே. அதன் வயதைக் குறித்துச் சொன்ன சொல்தான் பொய். 1997-இல் எருசலேமில் ருகொமோவ்ஸ்கியின் கைவேலைகளைக் காட்சிக்கு வைத்தபோது, அம்முடியையும் லூவரிலிருந்து இரவல் பெற்று வைத்தார்கள். செய்தவர் பெயரோடு நின்றபோது அது குற்றம் நீங்கியது.

முன்னோர் வேலையைப் பின்பற்றுவதும் தவறன்று. கடுகினும் நுண்ணிய பொன்மணிகளைத் தகட்டின்மேல் பற்றவைக்கும் எத்ரூரியர் வித்தையை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமாபுரிக் கஸ்தெல்லானி குடும்பத்தார் மீட்க முயன்றனர். அவ்வகையில் தாம் செய்த நகைகளில் தம் முத்திரையையே பொறித்தனர்.

இனி நம் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு வருவோம். இராசராச சோழன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், கி. பி. 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கக் குடம் அளித்தான். கல்வெட்டு அதைப் பொற்குடம் என்று சொல்லி நின்றுவிடவில்லை. 3083 பலம் நிறையுள்ள செப்புக்குடம் என்றும், அதன்மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு என்றும் பிரித்தே கூறுகிறது. சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து கொடுத்தவற்றை அவ்வாறே குறிக்கிறது. முத்துக்களில் வட்டமானவை எவை, கறடானவை எவை, சிவந்த நீர் உடையவை எவை என்றும் வகுத்துரைக்கிறது. பேரரசனுடைய கொடையிலும் குறை மறைக்கப்படவில்லை!

அன்பர்களே, நீங்கள் அளிக்கும் அணி செம்பின்மேல் பூசிய பொன்னாயின், அவ்வாறே கோயில் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பாட்டியின் பழைய காசுமாலையை அழித்துச் செய்ததாயின், அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் ஓரிடம் பொய் புகுந்தால், பின்வருவோர் நம்முடைய மெய்யான பொன்னையும் ஐயுறுவர். செம்பைச் செம்பென்றே எழுதிய கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் நம்பிக்கையைப் பெற்று நிற்கிறது. நம் கணக்கும் அவ்வாறே நிற்பதாக.