கை எட்டாத விளக்கு



தமிழிலே 'கை' என்ற ஓரெழுத்துச் சொல் உடலின் ஓர் உறுப்பை மாத்திரம் குறிப்பதன்று. ஒரு காரியம் நிறைவேறினால் 'கைகூடிற்று' என்கின்றோம். ஒரு பொருள் நம்மிடம் இருந்தால் அது 'கைவசம்' இருக்கின்றது. செய்யச் செய்ய வருவது 'கைப்பழக்கம்'. துணையின்றி விட்டுச் செல்வது 'கைவிடுதல்'. நமது இலக்கண ஆசிரியர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, தலைவனை இழந்தோர் செய்வதறியாது இரங்கும் புறத்துறைக்குக் 'கையறுநிலை' என்று பெயரிட்டார்கள். ஆற்றல், உடைமை, துணை, இழப்பு ஆகிய நான்கையும் தமிழர் கையைக் கொண்டே அளந்தார்கள் எனலாம்.

இந்தச் சொல்லின் ஆழத்தை அண்மையில் எனக்கு உணர்த்தியது ஒரு காரின் முன்விளக்கு என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். இலக்கிய உரையிலே காருக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். மனிதனின் கைக்கும் அவன் ஆளும் பொருளுக்கும் உள்ள உறவு இலக்கியத்துக்குப் புறம்பானதன்று என்பதே எனது விடை.

முன்விளக்கு மின்குமிழ் மிகச் சிறிய பொருள். பல கார்களிலே பாவிக்கப்படும் எச்-4 என்னும் வகைக் குமிழ் ஒரு விரலளவுதான் இருக்கும். அதனுள்ளே இரண்டு இழைகள் உண்டு. 60 வாற் இழை தூரத்து ஒளியையும், 55 வாற் இழை தாழ்ந்த ஒளியையும் தருகின்றன. இழையிலிருந்து ஆவியாகும் தங்ஸ்தனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும் ஹலஜன் வாயு அதனுள் அடைக்கப்பட்டிருக்கின்றது. அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெயும் உப்பும் படிந்த இடம் கடுஞ்சூட்டிலே பழுதுபட்டு, குமிழ் விரைவில் செயலிழக்கும். தொடாமலே கையாள வேண்டிய பொருள் இது!

எங்கள் வீட்டுக் கார் யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கு வந்தது. அதன் வலப்பக்க விளக்கு ஒருநாள் அணைந்தது. புதிய குமிழ் ஒன்றை வாங்கி வந்து, பகல் வெளிச்சத்திலே மூடியைத் திறந்தேன். விளக்கின் பின்புறத்தை ஒருபுறம் மின்கலமும் மறுபுறம் குழாய்களும் மறைத்து நின்றன. இடையிலே ஒரு கை நுழையலாம். ஆனால் கை நுழைந்தால் கண்ணுக்கு வழியில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் கைக்கு வழியில்லை. தடவித் தடவி மின்னிணைப்பைக் கழற்றி, இறப்பர் மூடியை உரித்து, கம்பிக் கவ்வியை விடுவித்தேன். பழைய குமிழ் இலகுவாக வந்தது. புதிய குமிழின் மூன்று காதுகளும் மூன்று பள்ளங்களிலே சரியாக அமர வேண்டும். அமர்ந்ததா, இல்லையா என்று விரல்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் சென்றும், புறங்கை கீறி இரத்தம் கசிந்தும், விரல் அந்த நற்செய்தியைச் சொல்லவில்லை.

காருடன் வந்த கைந்நூலைப் புரட்டினேன். அது முழுவதும் யப்பானிய மொழியிலே இருந்தது. பெயரளவில் கைந்நூல், என் கைக்கு அது உதவவில்லை. ஈற்றில் அயலிலுள்ள மெக்கானிக் தம்பியை அழைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், உதுக்குக் கையை விட்டு மினக்கெடாதேங்கோ. பம்பரைக் கழட்டினால்தான் லைற்று வெளியாலை வரும்" என்றார். அவ்வாறே செய்தார். குமிழின் விலையிலும் கூலி அதிகமாயிற்று. அவரைக் குறைகூற இயலாது. ஒரு சிறு குமிழுக்காகக் காரின் முகத்தையே அவர் கழற்ற வேண்டியிருந்தது.

இது வெறும் பணச் செலவு பற்றிய முறைப்பாடு அன்று. எமது நாட்டிலே வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஒரு காரின் வலப்பக்க விளக்கு அணைந்திருந்தால், எதிரே வருபவருக்கு வீதியோரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருவதுபோலத் தோன்றும். இருளிலே மறைந்து வரும் காரின் மற்றப் பாதியை அவர் அறியமாட்டார். குமிழ் சரிந்து பொருந்தியிருந்தாலோ, தாழ்ந்து விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கில்லாத சைக்கிள்களும் கட்டாக்காலி மாடுகளும் குறுக்கிடும் வடபுலத்து வீதிகளிலே இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாகும். மாற்றுவது சிரமம் என்றால் பலர் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ஒற்றைக் கண்ணுடனேயே ஓடுவார்கள். வடிவமைப்பவரின் மேசையிலே ஏற்படும் அசட்டை வீதியிலே விபத்தாகப் பிறக்கின்றது.

யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் கார்களை நினைத்துப் பாருங்கள். விளக்கின் வெளி வளையத்தைக் கழற்றினால் கண்ணாடிக் கிண்ணம் முன்பக்கமாக வந்துவிடும். அதன் பின்னே குமிழ் இருக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்திலே அத்தகைய பழைய கார்களை எம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலிலே விளக்குச் செய்து படித்தோம். அது வறுமையின் சாதனை மாத்திரமன்று. அந்தப் பொருள்கள் தம்முள்ளே கையை நுழைய விட்டன. அதனாலேயே எமது கைத்திறன் எமக்குக் கைகொடுத்தது.

இன்றைய வடிவமைப்புக்கு நியாயங்கள் இல்லாமலில்லை. காற்றை எளிதில் கிழித்துச் செல்ல வளைந்த முகப்பு வேண்டும். பயணிகளுக்கு இடம் விட இயந்திர அறை சுருங்க வேண்டும். தொழிற்சாலையிலே விளக்கைப் பூட்டிய பின்னரே பம்பரைப் பூட்டுகின்றார்கள். அங்கே கைக்குத் தாராளமாக இடமுண்டு. பூட்டுபவர் ஒருவர், கழற்றுபவர் இன்னொருவர் என்பதே சிக்கலின் வேர். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 48ஆம் இலக்க ஒழுங்குவிதி, வாகனத்துடன் வழங்கப்பட்டவை தவிர்ந்த விசேட கருவிகள் இன்றியே விளக்கின் குமிழை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கின்றது. நல்ல விதிதான். ஆயினும் எத்தனை பாகங்களைக் கழற்றலாம் என்பதற்கு அந்த வாசகம் வரம்பு கட்டவில்லை. இப்பொழுது பரவிவரும் எல்.ஈ.டி. விளக்குகள் நீண்ட காலம் உழைக்கின்றன. ஆனால் அவற்றுட் பல, பழுதானால் முழு விளக்கையுமே மாற்ற வேண்டியவை.

2020இலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்க 2025 ஆகிற்று. அந்த இடைக்காலத்திலே இருந்ததைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. அந்த அனுபவம் எமக்கு ஒன்றைக் கற்பித்திருக்க வேண்டும். கார் வாங்கப் போகின்றவர்கள் நிறத்தையும் இருக்கையையும் பார்ப்பதோடு நில்லாது, மூடியைத் திறந்து விளக்கின் பின்னே கை போகுமா என்றும் பார்க்கட்டும். இளையோரை அருகே நிறுத்தி, கைக்குட்டையால் குமிழைப் பிடிக்கும் பக்குவத்தையாவது பழக்கட்டும். ஒரு மேலதிகக் குமிழைக் காரிலே வைத்திருக்கட்டும்.

விலை கொடுத்து வாங்கியதனால் மாத்திரம் ஒரு பொருள் நம்முடையதாகிவிடாது. அதன் உள்ளே நமது கை எட்டும்போதுதான் அது உண்மையிலே நம் கைவசமாகின்றது. எட்டாதபோது, கார் முற்றத்திலே நின்றாலும் நாம் இருப்பது கையறுநிலையிலேதான்.