பகிர்ந்தா போதாது, போய்ச் சேரணும்!

(கம்மாபுரம் ஒன்றிய ஐ.டி. விங் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்துல தினமும் அறிக்கை, வீடியோ, போஸ்டர்னு பதிவு வருது. நீங்களும் சளைக்காம பகிர்றீங்க. நன்றி. ஆனா ஒரு கேள்வி. நீங்க பகிர்றது யாருக்குப் போகுது? ஏற்கெனவே நம்ம துண்டு போட்டவருக்கே திரும்பப் போனா, அதுக்குப் பேர் பிரச்சாரம் இல்ல தோழர்களே.

நம்ம பகுதியிலயே ஒரு பாடம் இருக்கு. 2023 ஜூலை 26. என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில பச்சைப் பயிர் நின்ன வயல்ல பொக்லைன் இறங்குச்சு. அந்தக் காட்சி தமிழ்நாடு முழுக்கப் போச்சு. அடுத்த சில நாள்ல, அழிஞ்ச பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

முதல் காட்சி கோபம். அது தானா ஓடும். ரெண்டாவது செய்தி, நிலத்துக்காரர் கைக்கு வர வேண்டிய காசு. அது தானா ஓடாது. ஒரு ஆள் தூக்கிட்டுப் போய்க் கொடுக்கணும். அந்த ஆள்தான் நீங்க.

இது புதுசு இல்ல. 1925-ல குடி அரசு, 1937-ல ஜனசக்தி, 1942-ல துண்டுத்தாளா வந்த முரசொலி. கொள்கை வேற வேற, ஆனா போய்ச் சேர்ந்த வழி ஒண்ணுதான். டீக்கடையில, படிப்பகத்துல ஒருத்தர் சத்தமா வாசிப்பார். சுத்தி இருக்கிறவங்க கேள்வி கேப்பாங்க. அவர் பதில் சொல்லுவார். இன்னைக்கு டீக்கடை உங்க போன்ல இருக்கு. வாசிக்கிற ஆள்தான் வேணும்.

என்ன செய்யணும்?

1. வெறும் லிங்க் அனுப்பாதீங்க. மேல உங்க வார்த்தையில ரெண்டு வரி எழுதுங்க. இது யாருக்கு, எந்தத் தேதிக்குள்ள, எந்த ஆபீஸுக்குப் போகணும். அதுபோதும்.

2. கண்ணை மூடிக்கிட்டு ஃபார்வர்டு பண்றது வேலைக்கு ஆகாது. 2018-லயே இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு வெச்சிருச்சு. 2020 ஏப்ரல்ல இருந்து, இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்துல ஒரே சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். பத்துக் குரூப்பை விட, தேவைப்படுற ஒருத்தருக்கு நேரா அனுப்புறது மேல்.

3. படிக்கச் சிரமப்படுற பெரியவங்களுக்கு அரை நிமிஷ வாய்ஸ் அனுப்புங்க. "பெரியப்பா, நான்தான் பேசுறேன்"னு நம்ம ஊர்ப் பேச்சுல சொல்லுங்க. கட்சி அறிக்கையை விட உங்க குரலை அவர் நம்புவார்.

4. தேதியும் இடமும் தெரியாத வீடியோவைத் தொடாதீங்க. 2023 மார்ச்ல, பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சு. உழைக்க வந்தவங்க பயந்து போனாங்க. பரப்பினவங்க மேல வழக்கு பாஞ்சுது. நாளைக்கு யாராவது பழைய வளையமாதேவி வீடியோவை "இன்னைக்கு நடந்தது"ன்னு போட்டா, பதறி வயலுக்கு ஓடப்போறது நம்ம சித்தப்பாவும் மாமாவும்தான். எதிர்க்கட்சிக்காரன் பத்திப் பொய் வந்தாலும் இதே கதைதான். பகிராதீங்க.

5. கேக்காம யாரையும் குரூப்ல சேர்க்காதீங்க. உறுப்பினர் படிவத்துல இருக்கிற நம்பர் நம்மளை நம்பிக் கொடுத்தது. அது வெளிய போகக் கூடாது.

கடைசியா, முக்கியமானது. மக்கள் திருப்பிக் கேக்குற கேள்வியை அப்படியே எங்களுக்கு அனுப்புங்க. பட்டா பேர் மாத்தம், குடிதண்ணி, வேலை, எதுவா இருந்தாலும் சரி. பதில் விசாரிச்சு அடுத்த பதிவா போடுறோம். அப்பதான் இது நம்ம பக்கம் மட்டுமில்ல, ஊர்ப் பக்கம்.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு வேலை. நம்ம கட்சியில இல்லாத அஞ்சு பேர், அவங்களுக்கு உதவுற ஒரு பதிவு, உங்க சொந்த ரெண்டு வரி. அனுப்பிட்டு, அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு நாளைக்கு எங்களுக்குச் சொல்லுங்க.

களத்தில் சந்திப்போம்.

#கம்மாபுரம் #ஐடி_விங் #போய்ச்_சேரணும்