தண்டனையும் அப்பீலும்

(பொம்மையார்பாளையத்தில் நடைபெற்ற நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறித்தான் என்று, நம்மவர் ஒருவருடைய மகன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனையடைந்து சிறையிலிருப்பதை யாவரும் அறிவீர்கள். அக்குடும்பத்தைச் சங்கத்தினின்றும் நீக்கவேண்டுமெனச் சிலர் கூறுகின்றனர். பணமிழந்தோரும் நம் உப்பளத்து ஏழைகளே. அவர்தம் துயரை யான் மறந்திலேன். ஆயினும், அப்பீல் கோர்ட்டார் தீர்ப்புரைக்குமுன் நாம் தீர்ப்புரைத்தல் தகுமா?

பல்கலைக்கழக முத்திரையைப் போலியாகச் செய்வித்து ஏமாற்ற முயன்றாரென ஹோஸ்கோட் என்னும் ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். செஷன்ஸ் கோர்ட்டார் விதித்தது கோர்ட்டு கலையும்வரை காவலும் அபராதமுமே. சர்க்கார் முறையிட, 1973-இல் பம்பாய் ஹைகோர்ட்டார் அதனை மூன்றாண்டாக உயர்த்தினர். தீர்ப்பின் நகல் தமக்குக் கிட்டவில்லை என்று அவர் சுப்ரீம் கோர்ட்டை அணுகியபோது, தண்டனைக்காலம் முழுதும் கழிந்திருந்தது. 1978-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவர் மனுவைத் தள்ளினார். ஆனால், சிறையிலுள்ளோனுக்குத் தீர்ப்பின் நகல் விரைவில் இலவசமாகக் கிடைக்கவேண்டும், வறியவனுக்கு அப்பீல் நடத்தச் சர்க்கார் செலவில் வக்கீல் வேண்டும் என்று நிலைநாட்டினார். குற்றம் செய்தவனுக்கும் மேலே முறையிடும் உரிமை உண்டென்பதே அதன் கருத்து.

மாஜிஸ்திரேட் தீர்ப்பின்மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு முறையிட 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பின்மேல் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். நகல் பெறுவதற்கு ஆகும் நாட்கள் இதிற் சேரா. தாமதத்தைக் கோர்ட்டார் மன்னித்தலும் கூடும். அதனை நம்பியிருத்தல் பேதைமை. சிறையதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடவும் கோர்ட்டாருக்கு அதிகாரமுண்டு. சிறையிலிருப்போர்க்கு இலவச வக்கீல் தரவேண்டுமென 1987-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது.

அவ்விளைஞனின் தாய், தீர்ப்பு வந்த இருபத்திரண்டாம் நாளாகிய நேற்று என்னிடம் வந்தாள். வெட்கத்தால் அதுகாறும் வாய்திறந்திலள். "அப்பீலை ஜெயித்துத் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடு" என்று ஒருவன் அவளைக் கேட்டானாம். வஞ்சனையால் வந்த கேட்டிற்கு மற்றுமோர் வஞ்சனையோ மருந்து?

அன்பர்களே! நாளைக் காலையில் நம்முள் இருவர் அவளை விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்க. தண்டனை உறுதிப்படுமாயின் அவன் அனுபவிக்கட்டும். பணமிழந்தோர்க்கு அது திரும்பக் கிடைக்க நாமும் முயல்வோம். தண்டனை நீங்குமாயின், ஒரு குடியை அநியாயமாகத் தள்ளிய பழி நமக்கு இல்லையாகும். நீக்கத் தீர்மானத்தை அதுவரை ஒத்திவைக்குமாறு சபையோரை வணங்கி வேண்டுகிறேன்.