இருமலுக்கு இலை, காசநோய்க்கு மாத்திரை

(வீரசோழனில் நமது அறக்கட்டளை நடத்திய நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு சகோதரர் அலுவலகத்துக்கு வந்தார். கரிமூட்டத்தில் வேலை. இருமலைப் புகையால் வந்தது என்றே பல மாதம் விட்டுவிட்டார். பிறகு சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நின்றது, பசி எடுத்தது. உடனே மாத்திரையை நிறுத்தி, யாரோ சொன்ன லேகியத்துக்கு மாறிவிட்டார். இப்போது மறுபடியும் இருமல், காய்ச்சல். "மூலிகைதானே பாய், அதில் என்ன கெடுதல்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மூலிகையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நம் வீடுகளில் இருமலுக்குக் கொடுக்கும் ஆடாதொடையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. ஆனால் சளியை இளக்குவது வேறு, காசநோய்க் கிருமியைக் கொல்வது வேறு.

மிளகையும் பாருங்கள். ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம், மிளகின் பைப்பரினை 10 மில்லிகிராம் சேர்த்தால், ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் 200 போதும் என்று கண்டது. அந்தக் கூட்டு மருந்துக்கு 2009இல் அனுமதியும் கிடைத்தது. அங்கேயும் மிளகு மாத்திரைக்குத் துணையாகத்தான் வந்தது, மாற்றாக அல்ல. மிளகு ரசம் குடிக்கிறோமே என்று யாரும் மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். 1897இல் காசநோயோடு தென்னாப்பிரிக்கா போன சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர், அங்குள்ள வைத்தியர் கொடுத்த வேரால் குணமானதாகச் சொல்லி, லண்டனில் அதைக் காசநோய் மருந்தாக விற்றார். இன்றும் அந்த வேரின் சாறு ஜெர்மனியில் விற்பனையாகிறது. ஆனால் மார்புச்சளிக்கு, காசநோய்க்கு அல்ல.

சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றாலும் கிருமிகளில் சில உறங்கிக் கிடக்கும். பாதியில் நிறுத்தினால் அவை பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதே வடிவில் தொற்றும். லேகியமோ கஷாயமோ சாப்பிட விரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ரமலானில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நோயாளி நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு வைக்கலாமா, சஹர் நேரத்தில் மாத்திரை எடுக்கலாமா என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது.

நோயை மறைக்கவும் வேண்டாம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதை உலகுக்குக் காட்டியது. வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. ஆகவே பெண் கொடுக்க மாட்டார்களே என்று பயந்து ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் சத்தான உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. அரசும் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காகத் தருகிறது. அது நோயாளிக்குத்தான்; வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு யார் கொடுப்பது? சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்துக்கு ஆறு மாதம் பருப்பு, முட்டை, எண்ணெய் கொடுக்க வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும். பெயர் வெளியே தெரியாமல் அறக்கட்டளை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்தச் சகோதரரை அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று பரிசோதித்த பிறகு மீண்டும் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. அவருடைய மனைவி, பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், புகை என்றும் தூசி என்றும் காரணம் சொல்லாமல் சளியைப் பரிசோதியுங்கள். பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். தனியாகப் போகத் தயங்குபவர்கள் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.