கல்லும் தண்ணீரும் தந்த ஊர்

மழைக்காலம் வந்தால் புழல் என்ற பெயர் நம் செய்தியறிக்கையில் தினமும் வரும். ஏரியின் மொத்த உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு என்று வாசிப்போம். மழை விட்டதும் ஊரை மறந்துவிடுவோம். இன்று அந்த ஊருக்குள் போய் வருவோம்.

மூலக்கடை தாண்டி மாதவரம் ரவுண்டானாவில் இருந்து ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போக வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்துதான் போகும். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு ஏறுங்கள்.

பழைய தொண்டைமண்டலத்தில் 24 கோட்டங்கள். அவற்றில் ஒன்று புழல் கோட்டம். திருவொற்றியூர் கோயில் கல்வெட்டுகளில் அந்த ஊருக்கே புழல் கோட்டத்தைச் சொல்லித்தான் முகவரி. சென்னப்பட்டணம் என்று ஒன்று முளைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சங்கதி இது. குறும்பர்கள் இங்கே மண்கோட்டை கட்டி, புழலைத் தலைநகராக வைத்து ஆண்டார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளிலும் இந்தக் கதை உண்டு.

"கோட்டை எங்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். பல்கேரியாவில் யாந்த்ரா ஆற்றங்கரையில் வெலிகோ தர்னோவோ என்று ஒரு சின்ன ஊர். 1393-இல் துருக்கியரிடம் விழும்வரை அது ஒரு பேரரசின் தலைநகரம். இடிந்த கோட்டையை எடுத்துக்கட்டி, உலகத்தையே அழைத்துக் காட்டுகிறார்கள். நம் புழலில், இங்கேதான் கோட்டை இருந்தது என்று சொல்லும் அளவுக்குக்கூட எதுவும் கண்ணில் படாது. மண்கோட்டை மண்ணாகப் போனதில் தப்பில்லை. அந்தக் கதையையும் சேர்த்துப் புதைத்தோமே, அதுதான் எனக்கு உறுத்தல்.

குறும்பர்கள் சமணர்களாக இருந்தார்கள் என்றும் கதை சொல்கிறது. அதற்கு ஒத்தாற்போல் ஆதிநாதர் கோயில் இன்றும் புழலில் இருக்கிறது. சவுகார்பேட்டை வடநாட்டுக் குடும்பங்கள் இந்த ஊரைப் 'போலால்' என்பார்கள். அவர்களுக்கு இது தீர்த்தத் தலம். அதே ஊரில் திருமூலநாதர் சிவன் கோயிலும் உண்டு.

இனி கல் கதை. இந்தியாவின் முதல் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது என்று பள்ளியில் படித்தோம். அது பயணிகள் ரயில். அதற்குப் பதினாறு வருடம் முன்னால், 1837-இலேயே, பக்கத்துச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை தண்டவாளம் போட்டுச் செம்பாறைக் கல் ஏற்றிப் போனார்கள். பட்டணத்துக்கு ரோடு போட அந்தக் கல் வேண்டியிருந்தது. முன்னின்று செய்தவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணை கட்டினாரே, அவரேதான். அந்தப் பாதையில் ஒரு துண்டு இரும்புகூட இன்று பார்க்கக் கிடைக்காது. செங்குன்றத்தில் இப்போது நீங்கள் பார்ப்பது அரிசி ஆலைகளும் மூட்டை ஏற்றும் லாரிகளும்தான்.

கல்லுக்குப் பிறகு தண்ணீர். ராயபுரம், மண்ணடிப் பக்கத்து நேயர்களுக்கு ஏழு கிணறு தெரியும். 1772-இலிருந்து பட்டணத்துக் கோட்டைக்கு அங்கிருந்துதான் தண்ணீர். பட்டணம் பெருத்ததும் அது போதவில்லை. 1866-இல் பிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் கொடுத்தார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழலுக்குக் கொண்டுவருவது. 1872-இல் புழல் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. வடிகட்டாத தண்ணீர், வழியில் விழுந்ததெல்லாம் அதோடு சேர்ந்தே வந்தது. 1914-இல்தான் மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் வந்தன. புழலுக்கு ஆறு கிடையாது. ஆற்றை இங்கே கூட்டிவந்தார்கள். ஜோன்ஸ் டவர் என்ற பழைய நீரெடுப்புக் கோபுரம் ஏரியில் நிற்கிறது. 2019 கோடையில் இந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

கரையில் காவல் உண்டு, எல்லா இடத்திலும் ஏற விடமாட்டார்கள். காலையில் ரோட்டோரம் ஏரி மீன் விற்பார்கள். ஜிலேபி, கெண்டை, கொஞ்சம் விரால். ஒரு அம்மா ஜிலேபி மீனைக் கல்லில் போட்டு, வால் பக்கமிருந்து தலைப் பக்கமாகக் கத்தியால் வழிக்க வழிக்க, செதில் என் சட்டை வரைக்கும் தெறித்தது. "கடல் மீன் மாதிரி ருசிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். "காசிமேட்டுக்காரங்க எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. கல்லுப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவு கண்ணு, அப்புறம் பேசு" என்றார். புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தால் குழம்பு நன்றாகவே இருக்கிறது.

கல்லும் தண்ணீரும் கொடுத்த ஊருக்குப் பட்டணம் திருப்பிக் கொடுத்தது ஜெயில். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பழைய மத்திய சிறை 2006-இல் இங்கே வந்தது. அதிலிருந்து 'புழலுக்குப் போயிட்டான்' என்றால் ஊருக்கே அர்த்தம் தெரியும். காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் புழல்தான்.

கோட்டையின் மிச்சம் ஏதாவது பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், ஏரியின் தென்மேற்கே வடதிருமுல்லைவாயில் சிவன் கோயிலுக்குப் போங்கள். தொண்டைமான் என்ற மன்னன் குறும்பரிடம் தோற்றுத் திரும்பும்போது அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியதாம். கொடியை வாளால் வெட்ட, உள்ளேயிருந்த லிங்கத்திலிருந்து ரத்தம் வந்ததாம். ஈசன் நந்தியைத் துணைக்கு அனுப்ப, அவன் போரில் வென்றான் என்கிறது தலபுராணம். அதனால்தான் இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சன்னதி முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். புழல் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவை என்பார்கள். எருக்கு நமக்கு வேலியோரச் செடி. தூணாகும் அளவுக்குத் தடித்த எருக்கை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு, சித்திரைச் சதயத்தில் மட்டும் களைவார்கள்.

உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் புழலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போவதுதான் வசதி. திரும்புவதற்கு ஜி.என்.டி. ரோடு வேண்டாம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கிறது.