இரவில் பூனைக்குட்டிகளுக்கு ஏற்ற அடைப்பு

(புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்டக் குடியிருப்பொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



தாயை இழந்த பூனைக்குட்டிகளைக் கண்டெடுத்து, வேறொரு வீடு கிடைக்கும் வரை பாலூட்டி வளர்க்கும் நல்லுள்ளம் நம் தோட்டங்களில் பலருக்கு உண்டு. பகலெல்லாம் கண்ணுங்கருத்துமாகக் காக்கப்படும் இக்குட்டிகளிற் சில, விடியும்போது உயிருடன் இருப்பதில்லை. அவை இரவைக் கழித்த இடமும் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆகவே, அந்த இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

கூடு எதற்காக? குட்டி ஓடிவிடாமல் இருப்பதற்காக என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். குட்டியை உள்ளே நிறுத்துவது எளிது. அதைத் தின்ன வருவதை வெளியே நிறுத்துவதே கடினம். இவ்வட்டாரத்தின் சூழலைச் சற்றே நினைத்துப் பாருங்கள். செம்பனையின் உதிரிப் பழங்களை நாடி எலிகள் வருகின்றன. எலிகளை நாடி மலைப்பாம்பு வருகிறது. அது பெரும்பாலும் இரவில் இரை தேடும் பிராணி. அதன் உதட்டோரக் குழிகள், காரிருளிலும் வெப்பமுள்ள உடல் இருக்குமிடத்தை அதற்கு உணர்த்திவிடும். அஞ்சடியில் வைத்த கூட்டில் கம்பிக்குக் கம்பி இரண்டு விரல் இடைவெளி இருந்தால், மெலிந்த பாம்பு உள்ளே நுழைந்துவிடும். குட்டியை விழுங்கிய பின் வயிறு பெருத்து, வெளியேற இயலாமல் அங்கேயே சுருண்டு கிடக்கும். தப்பியோட வழியற்ற குட்டிக்கு அக்கூடு காவலாகுமா? பாம்புக்கு வைத்த உணவுத் தட்டாகவே முடியும். தெருநாய், உடும்பு, மரநாய் ஆகியவற்றையும் நாம் மறந்துவிடலாகாது.

எனவே, முதல் விதி இது: இரவில் குட்டிகள் வீட்டிற்குள், கதவு சாத்தப்பட்ட ஓர் அறையில் இருத்தல் வேண்டும். கதவின் கீழே சந்து இருந்தால் பலகை அடித்து மூடுங்கள். சமையற்கட்டுச் சாக்கடைத் துவாரத்திற்கு வலை பொருத்துங்கள்.

இனி, குட்டியின் வயதிற்கேற்ப அடைப்பைத் தேர்ந்தெடுப்போம்.

பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. முதல் வாரத்தில் அதன் படுக்கை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் இருத்தல் நலம். மழை பெய்த நம்மூர் இரவுகளோ அதைவிடக் குளிர்ந்தவை. இவ்வயதுக் குட்டிக்குக் கம்பிக் கூடு தேவையில்லை. உயரமான சுவர் கொண்ட அட்டைப்பெட்டியே போதும். அடியில் துணி விரித்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். மறு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வெப்பம் மிகுந்தால் குட்டி அங்கே நகர்ந்துகொள்ளும். ஆறிப்போன போத்தல் குட்டியின் வெப்பத்தையே உறிஞ்சிவிடும். ஆதலால், பாலூட்ட எழும்போதெல்லாம் நீரை மாற்றுங்கள். உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடேற்றி, பின்னரே ஊட்டுங்கள்.

நான்கு வாரம் ஆனதும் குட்டி பெட்டியிலிருந்து ஏறிக் குதிக்கத் தொடங்கும். அப்போதுதான் கூடு தேவைப்படும். கூடு வாங்கும்போதும் செய்யும்போதும் நான்கினைச் சோதியுங்கள்.

ஒன்று, வலைக்கண். அது அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால், அக்கண் பெரியது என அறிக. குட்டியின் தலை சிக்கிக்கொள்வதையும் இது தடுக்கும். பழைய கூட்டின் கம்பிகள் அகலமாக இருந்தால், அவற்றின்மேல் சிறுகண் வலையைச் சுற்றிக் கட்டிவிடலாம்.

இரண்டு, தளம். கம்பித் தளத்தில் சிறு கால்கள் சிக்கிக்கொள்ளும். பலகை அல்லது தடித்த பாய் விரியுங்கள். இரண்டடுக்குக் கூடாயின் மேலடுக்கை மூடிவிட்டுக் கீழடுக்கை மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்று, தாழ்ப்பாள். நாய் மூக்கால் தள்ளினாலும் திறவாததாக அது இருத்தல் வேண்டும்.

நான்கு, உள்ளே இருப்பவை. மணல் தட்டு, ஆழமற்ற நீர்க்கிண்ணம், ஒரு துணி ஆகியவை போதும். நூல், நாடா, பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டா. கழுத்துப் பட்டையையும் இரவில் கழற்றிவிடுங்கள்.

கூட்டின் அருகே கொசுவத்திச் சுருள் கொளுத்த வேண்டா. அதன் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. பினாயில் போன்ற கிருமிநாசினிகளும், நாய்க்கென விற்கப்படும் சில உண்ணி மருந்துகளும் பூனைக்கு நஞ்சாகும். கூட்டைச் சவர்க்கார நீரால் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். புதிதாக வந்த குட்டியை வீட்டுப் பூனைகளோடு சேர்க்காமல் இரண்டு வாரமேனும் தனியே வையுங்கள். தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். படர்தாமரை பூனையிடமிருந்து பிள்ளைகளுக்கும் தொற்றும். குட்டி நோயுற்றால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டருகே மலைப்பாம்பைக் கண்டால், கழியெடுத்து நெருங்காதீர்கள். பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, 999 எண்ணை அழையுங்கள். அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்றோர் வருவார்கள்.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், ஒரு பிராணியை வைத்திருப்பவர் அதற்கு ஏற்ற இருப்பிடமும் பாதுகாப்பும் அளிப்பதைக் கடமையாக்கியுள்ளது. சில நாட்களுக்கு மட்டும் வளர்க்கிறோம் என்பதனால் அக்கடமை குறைந்துவிடாது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மயிலுக்குப் போர்வை தேவைப்பட்டதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கண் திறவாத குட்டிக்கோ வெப்பமும் அடைப்பும் உண்மையாகவே தேவை. அருள் மட்டும் போதாது. அரை அங்குல வலையும், சாத்திய கதவும் வேண்டும். இன்றிரவு படுக்கச் செல்லுமுன், கூட்டின் வலைக்கண்ணில் உங்கள் சுண்டுவிரலை ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்.