ஐஸ் தண்ணி ஜக்கும் கேழ்வரகுக் கூழும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெப்பப் பரிமாற்றம் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தத் தலைப்பில் பேசினால் எத்தனை பேர் முழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சாமானை வைத்துப் பேசுகிறேன். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், குற்றாலம் சீசனுக்கு வேன் பிடித்து வருகிற கூட்டம் என்று எல்லா இடத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் குழாய் வைத்த, இருபது லிட்டர் பிடிக்கிற வாட்டர் ஜக்.

அதை ஐஸ் தண்ணிக்காகச் செய்கிறார்கள். ஆனால் சுவருக்குள் இருக்கிற நுரைக்கு, உள்ளே இருப்பது ஐஸா வெந்நீரா என்று தெரியாது. சூடு உள்ளே வருவதை எப்படித் தடுக்கிறதோ அப்படியே வெளியே போவதையும் தடுக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டில் ஒரு கூட்டமே வீட்டில் பீர் காய்ச்சுகிறது. இங்கிலாந்தில் 1963-ல் இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. பெரிய ஆலையில் ‘மேஷ் டன்’ என்று ஒரு பாத்திரம் உண்டு. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அதில் ஊற வைப்பார்கள். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகிற அமிலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. 60-க்குக் கீழே போனால் வேலை மந்தம். 78 தாண்டினால் நொதி செத்துப்போகும். ஆக, அந்த ஒரு மணி நேரமும் சூடு நிலையாக நிற்க வேண்டும். அடுப்பில் வைத்து ஏற்றி இறக்கி மல்லுக்கட்டுவதற்குப் பதில், பிக்னிக் ஜக்கில் ஊற்றி மூடிவிட்டார்கள். இவ்வளவுதான் அவர்கள் வித்தை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேனா எடுங்க. இருபது லிட்டர் ஜக்கின் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். பாலியூரித்தேன் நுரை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தால், உள்ளே 67, வெளியே 27 இருக்கும்போது 20 வாட் அளவுக்குத்தான் சூடு கசியும். பதினைந்து லிட்டர் தண்ணி ஒரு டிகிரி இறங்க 63 கிலோஜூல் போக வேண்டும். மணிக்கு ஒரு டிகிரி சொச்சம் இறங்கும். அதே தண்ணியை மூடி போட்ட அலுமினிய அண்டாவில் வைத்தால் மணிக்கு எட்டு, ஒன்பது டிகிரி போய்விடும். சாரல் காற்று அடிக்கிற நாளில் இன்னும் கூட. பல ஜக்குகளில் மூடிக்குள் நுரையே கிடையாது, வெறும் காற்றுதான். சூடு மேலே போய் அங்கேதான் கசியும். மேலே ஒரு கம்பளித் துண்டைப் போட்டுச் சுற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஊற்றுகிற தண்ணி எத்தனை டிகிரி இருக்க வேண்டும்? தானியத்தின் வெப்பக் கொள்ளளவு தண்ணியைப் போல 0.4 பங்கு. மூன்று கிலோ தானியம் 28 டிகிரி, தண்ணி ஒன்பது லிட்டர், கலவை 67 வேண்டும் என்றால், தண்ணி 72-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரி. குளிர்நாட்டில் தானியமே 10 டிகிரியில் இருந்தால் 75 தேவைப்படும். ஜக் குடிக்கிற சூடு தனி. முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். டீ பாட்டிலுக்கு நம்ம அம்மாமார் செய்கிறதுதான்.

இந்த இடத்தில் பின் வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தம்பிகளா, தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அமலில் இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். ஹாஸ்டலில் காய்ச்சுவது அதைவிடப் பெரிய வம்பு. வேலைக்குப் போகிற நேரத்தில் பேரில் ஒரு கேஸ் எதுக்கு? நம்ம பக்கம் பனைமரத்தைப் பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒன்றை ரோட்டோரம் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம், இன்னொன்று 1987-லிருந்து இங்கே தடை. நான் சொல்ல வருவது சுண்ணாம்பு தடவின பக்கம்.

பார்லிக்குப் பதில் கேழ்வரகு. சிறுதானியங்களில் முளைகட்டினால் அமிலேஸ் நன்றாக வருவது அதில்தான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் பரோடா பல்கலைக்கழகத்திலும் 1980-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கவலை குழந்தைகள். சாதாரண கேழ்வரகு மாவில் நூறு மில்லிக்கு ஏழெட்டு கிராம் போட்டாலே கூழ் கெட்டியாகிவிடும். குழந்தையின் வயிறோ சின்னது. நாலு வாய் குடித்ததும் நிரம்பிவிடும், உள்ளே போனதில் பெரும்பகுதி தண்ணி. 25 கலோரிதான் கிடைக்கும். முளைமாவு சேர்த்து இளக்கினால் அதே பதத்தில் இருபது கிராம் வரை பிடிக்கும், அறுபதுக்கு மேலே கலோரி. பிள்ளை குடிக்கிற அளவு ஒன்றுதான், கிடைக்கிறது இரண்டு மடங்குக்கு மேலே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கெட்டியாக முழுங்க முடியாமல் படுத்திருக்கிற பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். “கஞ்சி குடிச்சாரு” என்று சொல்கிறோம், தம்ளரில் எத்தனை கிராம் மாவு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

செய்முறை. கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, வேரைத் தேய்த்துப் புடைத்து அரைக்க வேண்டும். இதுவரைக்கும் நம்ம வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடுத்த படியில்தான் காரியம் கெடுகிறது. வாசம் வருகிற மட்டும் சட்டியில் போட்டு வறுக்கிறோம். வறுத்த மாவு மணக்கும், ஆனால் நொதி கருகிப்போயிருக்கும். கடையில் வாங்குகிற சத்துமாவில் பலதும் இந்த ரகம். முளைகட்டியது என்று எழுதியிருப்பதில் பொய் இல்லை, கூழை இளக்கத்தான் அதனால் முடியாது. அதனால் மாவை இரண்டாகப் பிரியுங்கள். பெரும்பங்கை உங்கள் ருசிக்கு வறுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கை வறுக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

வறுத்த மாவைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். கேழ்வரகு மாவுச்சத்து வேக பார்லியைவிடச் சூடு கூடுதலாக வேண்டும், அதனால் வெறும் வெந்நீரில் கரைப்பது போதாது. பத்து லிட்டர் கூழ் 95 டிகிரியில் இருக்கும்போது, காய்ச்சி ஆறவைத்த தண்ணி 28 டிகிரியில் ஆறு லிட்டர் விட்டால் 70-க்கு வரும். இந்தக் கலப்பை அண்டாவிலேயே செய்யுங்கள். ஜக்கின் உள்சுவர் பாலித்தீன் வகை. கொதிக்கிறதை நேரே ஊற்றினால் இளகி உப்பிப்போகும். முடிந்தால் எவர்சில்வர் உள்சுவர் உள்ள ஜக்காகவே வாங்குங்கள். 70-ல் ஜக்குக்கு மாற்றி, வறுக்காத மாவைத் தூவிக் கிண்டுங்கள். கரண்டி நின்ற கூழ் சில நிமிஷத்தில் மோர் மாதிரி ஓடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் தண்ணி ஊற்றினாயா என்று கேட்பார்கள். அரை மணி நேரம் மூடி வைத்தால் இனிப்பும் வரும், வெல்லம் குறைவாகப் போட்டால் போதும். மாவுச்சத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு ஆறவிட்டு அயோடின் வைத்துப் பாருங்கள். கருநீலம் என்றால் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டைக் கழுவிவிடுங்கள், சொட்டைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

பிறகு கட்டாயம் ஒரு கொதி. இதை அழுத்திச் சொல்கிறேன். வறுக்காத முளைமாவில் கிருமி இருக்கும். 70 டிகிரி ஜக் மெல்ல மெல்ல இறங்கி 40-ல் வந்து நின்றால், நாம் கிருமி வளர்க்கிற பெட்டி செய்தவர்கள் ஆவோம். இனிப்பு நீர், இதமான சூடு, மூடி. காலையில் புளித்து நுரைத்திருக்கும், இல்லை கெட்டிருக்கும். கொதிக்க வைத்து அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஆறு மாசம் முடிந்த பிறகு, தாய்ப்பாலோடு சேர்த்து, அந்தந்த வேளைக்குத் தம்ளர் அளவில் செய்வதுதான் நல்லது. ஜக் எல்லாம் பத்து இருபது பேருக்குக் காய்ச்சும்போது.

குழாயைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜக்கோடு வருகிற அமுக்குக் குழாயில் கூழ் அடைக்கும், உள்ளே கழுவவும் முடியாது. அதைக் கழற்றிவிட்டு அரை இஞ்ச் எவர்சில்வர் பால் வால்வு போடலாம். அரை இஞ்ச் என்பது பெயருக்குத்தான், மரையின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர். ஓட்டையை அதற்குத் தக்கபடி பெரிசாக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் சிலிக்கான் வாசர். தென்காசியில் சாமான் வாங்கப் போனபோது கடை அண்ணாச்சி சொன்னார், “தம்பி, ஸ்பேனர் போட்டு முறுக்காதீங்க, கையால இறுக்குங்க, பிளாஸ்டிக் வெடிச்சிரும்.” நாலு வருஷப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பீர் காய்ச்சுகிறவர்கள் உள்ளே ஒரு வடிகட்டியும் வைப்பார்கள். கீசருக்கு மாட்டுகிற கம்பி பின்னிய பைப்பில் உள் ரப்பரை உருவிவிட்டு அந்தக் கம்பி உறையை மாட்டுவார்கள். அங்கே உண்மையில் வடிகட்டுவது பார்லி உமிதான். கம்பி, உமியைப் பிடித்து நிறுத்துகிறது. கேழ்வரகு மாவில் அப்படி உமி கிடையாது, கம்பியை வைத்தால் அடைத்துக்கொள்ளும். நமக்கு அது வேண்டாம்.

ஜூன், ஜூலையில் இந்த ஜக்குக்கு இன்னொரு வேலை. சாரல் இறங்கினால் இட்லி மாவு பொங்காது, அம்மா சட்டியை அடுப்பு மேடைக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். வாய் அகலமான ஜக்கில் கைபொறுக்கிற வெந்நீர் அரை ஜாண் ஊற்றி, மாவுத் தூக்குவாளியை உள்ளே இறக்கி மூடிவிடுங்கள். மாவு பொங்க இடம் விட்டு வையுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர் மினி புராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று காலையில் கேட்டார்கள். எடுங்கள். மூடி வழியாகப் போகிற சூட்டையும் சுவர் வழியாகப் போகிறதையும் தனித்தனியாக அளந்து எனக்குச் சொல்லுங்கள், என்னிடம் இருப்பது கணக்குத்தான். இன்றைக்குக் காலையில் காய்ச்சியது பந்தி ஹாலில் ஓரமாக இருக்கிறது. வெல்லம் போடவில்லை, ஏலக்காய் மட்டும். ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள்.